நீலம் ஒட்டிய இரண்டு கைகள்

நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே கையைத் தூக்கினேன். அதனால் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, தான் ஜெயித்த போட்டியில் விதியை மீறியவள் என்ற பெயருடன் வீடு திரும்பினாள். அவளுக்கு அடுத்ததாக வந்தவளுக்குத் தங்கப் பதக்கம் போயிற்று. அப்படி அடுத்ததாக வந்தவள் என் மகள்.

செய்த தப்பு இவ்வளவுதான். மீதியையும் சொல்ல வேண்டும். மீதியில் பெரும்பகுதி சந்தோஷமான விஷயம். அந்தச் சந்தோஷத்தில் என் பங்கு எதுவும் இல்லை, எல்லாம் அந்தப் பெண் கொண்டுவந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு நான் தலைவனாக இருந்தேன். வார்த்து எடுத்த ஒவ்வொரு உருப்படியையும் கேஜ் வைத்து அளப்பது, சரியில்லை என்றால் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டு ஒதுக்குவது, இதுதான் வேலை. பெருக்கல் குறியை ஆலையில் 'இண்டு' என்பார்கள், அதனால் தொழிலாளிகள் எனக்கு வைத்த பெயர் 'இண்டு சார்'. முதுகுக்குப் பின்னால் சொல்கிறோம் என்று நினைத்து என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அளக்காமல் நான் எதையும் ஒதுக்கியதில்லை, அளக்காமல் எதையும் விட்டதுமில்லை.

ஆலைக் குடியிருப்பில் இருபத்தைந்து மீட்டர் நீளத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அந்த மாதிரி வேறு குளம் இல்லாததால் மாவட்டச் சிறுவர் நீச்சல் போட்டியைக் கோடையில் அங்கே நடத்துவார்கள். நடுவர்களுக்கு ஆள் போதாது. குடியிருப்பில் இருந்த எங்களில் சிலரை ஒருநாள் வகுப்பில் உட்கார வைத்து, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போடச் சொல்லி நடுவர்களாக்கிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது திரும்பும் சுவர். நீந்துகிறவர்கள் தொட்டுவிட்டுத் திரும்பும் தூரத்துச் சுவரின் மேல் நின்று, சரியாகத் தொடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அந்தக் காலத்தில் எனக்கு மூச்சு முட்டும். ஆனால் விதியைப் பார்ப்பதற்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை. தவளை நீச்சலில் விதி ஒன்று: சுவரை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டால் நடுவர் கையைத் தூக்குவார், ஒரு சீட்டு எழுதுவார், தலைமை நடுவர் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான், அந்த ஆள் போட்டியில் இல்லை.

சுனாமி வந்ததே, அதற்கு முந்தைய கோடை. என் பக்கத்துச் சுவரில் பூச்சு உதிர்ந்திருந்ததால் சிமெண்ட் வைத்து அடைத்து நீலச் சாயம் அடித்திருந்தார்கள். போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அது சரியாகக் காயும் முன்பே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தொட்டால் கையில் ஒட்டியது. காலையில் பயிற்சிக்கு இறங்கிய பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. ஒருவர் கன்னத்தில் ஒருவர் நீலக் கையைப் பதித்துக்கொண்டு திரிந்தார்கள். புறப்படும் பக்கத்துச் சுவரில் பழைய வெள்ளை ஓடுதான். அங்கே ஒட்டுவதற்கு எதுவும் இல்லை.

அந்தப் பெண் கடம்பத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தன் அப்பாவுடன் வந்திருந்தாள். அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியர் பெயர் கொடுத்திருந்தார். மற்ற பெண்களுக்கு நீச்சல் உடையும் தொப்பியும் இருந்தன. இவளுக்குப் பள்ளிக்கூட டீ-சர்ட்டும் டிராக் பேண்ட்டும். அப்பா நெல் விவசாயி. தோளில் துண்டோடு குளத்தைச் சுற்றி வந்து வாட்ச்மேனிடம் விசாரித்தார்.

"இன்னா நைனா, தண்ணி இம்மாம் நீலமா கீது? இன்னா மருந்து கலக்கறீங்க?"

"மருந்து கம்மிதான். தரைதான் நீலம்."

"தரைக்குப் போயி எதுக்கு பெயிண்ட்டு? யாரு பாக்கப் போறா?"

அவர் மகள்தான் பார்த்தாள். பயிற்சிக்குக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு முறை என் பக்கம் வரை நீந்தி வந்தாள். வலது கையால் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இடது கையால் கண்ணைத் துடைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அடி தெரியுது சார்! எங்க கெணத்துல கண்ணத் தொறந்தா பச்சையாத்தான் இருக்கும். இதுல ஒரு ஊசி வுயுந்தாக்கூட எடுத்துடலாம் சார்!"

கிணற்றில் நீந்திப் பழகியவள், ஒரு கையால் படிக்கல்லைப் பிடித்துத் தொங்குகிற பழக்கம், போட்டியிலும் இப்படித்தான் தொடப் போகிறாள் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அளப்பதற்கு முன்பே போட்ட பெருக்கல் குறி அது.

போட்டி ஐம்பது மீட்டர். போய்த் திரும்பி வர வேண்டும், ஒரே ஒரு திருப்பம். மூன்றாவது தடத்தில் அவள், நான்காவதில் என் மகள். இரண்டும் என் பொறுப்பில் இருந்த தடங்கள். விசில் ஊதியதிலிருந்து நான் பார்த்தது என் மகளை மட்டும்தான். அவள் தலை எழும்புவதும் அமிழ்வதும், கைகள் விரிவதும் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. பக்கத்தில் 'தப்' என்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடத்தில் நுரைதான் இருந்தது. அந்தப் பெண் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். என் கை தானாக மேலே போயிற்று.

என் மகள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத் தூக்கினேனா? இத்தனை வருடங்களில் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. அந்தப் பதிலை முழுதாக நம்பத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண் முதலாவதாக வந்து, கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட அப்பாவிடம் ஓடினாள். அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"சார், ரெண்டு கையும் வெச்சேன் சார். பாருங்க, ரெண்டுலயும் நீலம்."

"காலையில பயிற்சி பண்ணும்போது ஒட்டியிருக்கும்மா."

"காலையில ஒரு கையாலதான சார் புடிச்சிக்கினு இருந்தேன்? நீங்கதான பாத்துக்கினு இருந்தீங்க?"

அவள் சொன்னது சரி. வலது கை நீலத்துக்கு வேறு காரணம் சொல்லலாம், இடது கை நீலத்துக்குச் சொல்ல முடியாது. என் ஆலையில் ஒருவன் இத்தனை தெளிவான சான்றோடு வந்திருந்தால் அந்த இடத்திலேயே குறியை அழித்திருப்பேன். அங்கே நான் சொன்னது வேறு: "சீட்டு எழுதியாச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." கையைத் தூக்கியதை அவசரம் என்று யாராவது மன்னிக்கலாம். இந்த வாக்கியத்தை நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

அவள் அப்பா சண்டை போடவில்லை. துண்டை அவள் தலையில் போட்டார். "இன்னா சார் தப்பு பண்ணிச்சு பொண்ணு?" என்று கேட்டார். ஒரு கையால் தொட்டுவிட்டாள் என்றேன். அவர் மகளின் தலையைத் துவட்டிவிட்டார். பிறகு மகளிடம், "நான்தான் சொன்னேனே, ஒரு போட்டிக்குத்தான் இட்டுக்கினு வருவேன்னு. ஆச்சு, கெளம்பு" என்றார். ஜெயித்தால் அடுத்ததற்கும் கூட்டிப் போவதாக அவளிடம் பேசியிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஊரில் கேட்டவர்களுக்கு அவர் சொல்லும்படி ஆன பதிலும் பிற்பாடுதான் தெரியும்: "தப்பாட்டம் ஆடிட்டாளாம்."

அன்று மாலை என் மகள் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அவ எனக்கு ஒரு ஆள் நீளம் முன்னாடி போனாப்பா."

"விதின்னு ஒண்ணு இருக்கு."

"அவ ரெண்டு கையும் நீலமா இருந்திச்சுப்பா. நான் பாத்தேன். நீங்க பாத்தீங்களா?"

சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி எழுந்து போனேன். அவள் பதக்கத்தைத் தையல் நூல் வைக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். மாநிலப் போட்டிக்குப் போனாள், கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தாள், விடுதியில் போட்ட பிரியாணியைப் பற்றி இரண்டு நாள் பேசினாள். நீச்சலைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: "அது நான் போயிருக்க வேண்டிய இடமே இல்லப்பா."

பதினோரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தவன் ஓர் அச்சுவார்ப்புத் தொழிலாளி. ஒரு குறிப்பிட்ட அச்சில் வார்த்தவை எப்போதும் ஓரத்தில் குழிந்து வரும். அன்று அந்த அச்சு உருப்படி மேஜைக்கு வந்ததும் தூரிகையை எடுத்துக் குறி போட்டுவிட்டேன். அவன் விடவில்லை. "இண்டு சார்," என்றான் நேருக்கு நேராக, "அளந்து போட்டீங்களா, மூஞ்சியப் பாத்துப் போட்டீங்களா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேஜை வைத்துப் பார்த்தேன். குறையே இல்லை. தின்னர் ஊற்றிய பஞ்சால் குறியைத் துடைத்தேன். என் விரலெல்லாம் சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று சாயங்காலம் மாவட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாவது தடத்தை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சீட்டு எழுதியது பொய், அந்தப் பெண் காட்டிய சான்றையும் ஏற்க மறுத்தேன் என்று ஒரு பக்கத்தில் முடித்தேன். முடிவை மாற்றக் காலம் கடந்துவிட்டது, நடுவர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படுகிறது என்று பதில் வந்தது. முதல் பாதி வருத்தமாக இருந்தது. இரண்டாம் பாதி எனக்குச் சேர வேண்டியதுதான்.

கடிதத்தின் நகலையும் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்த பதக்கத்தையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூர் போனேன். என் மகளும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, அரக்கோணம் போகிற ரயிலில் போய்ச் சேர்ந்தோம். நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் விசாரித்தேன்.

"கெணத்துலயே கெடக்குமே, அந்தப் பொண்ணா?" என்றார் கடைக்காரர். "நாஷ்டா துன்னக்கூட மேல வராது சார். அவுங்கம்மா தட்டோட கெணத்தண்ட நின்னுக்கினு இருக்கும். மீனு பெத்தவ கணக்கா."

அப்படியானால் அவள் நிறுத்தவில்லை. வழி கேட்டுக்கொண்டு நடந்தோம்.

நெல் வயலுக்கு நடுவே பம்புசெட்டு, அதையொட்டிப் பெரிய சதுரக் கிணறு. பக்கத்துக்குப் பத்து மீட்டர் இருக்கும். மழை நன்றாகப் பெய்திருந்த வருடம், தண்ணீர் கை எட்டும் தூரத்தில் நின்றது. அவள் உள்ளே இருந்தாள். எங்களைக் கவனிக்கவில்லை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் குனிந்து, முதன்முறையாக, அவள் கையைப் பார்த்தேன்.

இரண்டு கையும் ஒன்றாகச் சுவரில் பட்டன. முழங்கால் மடங்கியது, பாதம் கல்லில் ஊன்றியது, உடம்பு அம்பு மாதிரி போயிற்று. மறுபடியும் இரண்டு கை. நாலைந்து வீச்சுக்குள் சுவர் வந்துவிடும், மறுபடியும் இரண்டு கை. ஒரு கையால் திரும்பினால் உடம்பு கோணிக்கொண்டு போய் மூலையில் முழங்கை சிராய்த்துவிடும், அந்தக் கிணறு அப்படி. ஓய்வெடுக்கும்போது மட்டும்தான் ஒரு கையால் பிடித்துத் தொங்குவாள். நான் காலையில் பார்த்தது அந்த ஓய்வைத்தான். எங்கள் குளத்துப் பிள்ளைகள் நூறு மீட்டருக்கு மூன்று முறை திரும்புவார்கள். இவள் ஒன்பது முறை திரும்பியாக வேண்டும், தினமும். மாவட்டத்திலேயே சரியாகத் திரும்பத் தெரிந்த பெண்ணைத்தான் திரும்பத் தெரியவில்லை என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அட, கை தூக்குன சாரு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவள் அப்பா, மண்வெட்டியோடு.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்: "அப்போ எம் பொண்ணு தப்பாட்டம் ஆடலியா?"

"இல்லை. ஆடினது நான்."

"அத எழுதிக் குடுத்துக்கிறீங்களா?"

கடிதத்தைக் காட்டினேன். அவர் மண்வெட்டியைப் போட்டார். "வா சார்" என்று என் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு மைல் தூரம் நடத்தி அந்த டீக்கடைக்கே கூட்டிவந்தார். பெஞ்சில் இருந்தவர்களை நகர்த்தி என்னை நிற்க வைத்தார். "படிங்க சார், சத்தமா."

படித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கைகளைக் கூட்டங்களில் வாசித்திருக்கிறேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தது அன்றைக்குத்தான். முடித்து மடிக்கப் போனேன்.

"இன்னொரு தபா படிங்க. இவன் லேட்டா வந்தான்."

இரண்டாம் முறை படித்தேன். கூட்டம் பெரிதாகியிருந்தது.

"'சான்றை ஏற்க மறுத்தேன்'னா இன்னா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"பொண்ணு கையைக் காட்டிச்சு. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

"அப்புடிச் சொல்லுங்க. அத வுட்டுட்டு ஏட்டுல எழுதறாப்புல எழுதிக்கினு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பாவும் சிரித்தார். எனக்கு ஒரு டீ வந்தது. "குடிங்க சார். ஒரு வருசமா இந்த பெஞ்சுல குந்தறதே பேஜாரா இருந்திச்சு எனக்கு" என்றார் அவர். அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடிப்பது சுலபமாக இல்லை. குடித்தேன்.

கிணற்றுக்குத் திரும்பியபோது இரண்டு பெண்களும் கரையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். பதக்கத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அது வாணாம் சார். அந்த ரேஸத் திருப்பி வையுங்க."

"இங்கயா?" என்றாள் என் மகள், கிணற்றை எட்டிப் பார்த்து. "நான் மாட்டேன்டி. அடியே தெரியல, உள்ள யாரு இருக்காங்களோ!"

"ஆமை ஒண்ணு கீது. ஒண்ணும் பண்ணாது, கட்ட வெரலத்தான் கடிக்கும்."

பிறகு அவள் என்னைப் பார்த்து, கோபம் எதுவும் இல்லாமல், கணக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள். "அந்த வயசுப் பிரிவு எனக்கு முடிஞ்சிடுச்சு சார். இந்த வருசம் பெரிய பொண்ணுங்களோட போடுவாங்க. அந்த ஒரு வருசம் சும்மாப் போச்சு." பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் குளத்திலேயே அந்தப் போட்டியைத் திரும்ப வைப்பதாகச் சொன்னேன்.

குளத்துக்கு வெளியாட்களை விட மாட்டார்கள். ஊழியர் குடும்பமும் அவர்களுடைய விருந்தினரும் மட்டும்தான். ஆலை மேலாளரிடம் போய் அந்தக் கடிதத்தையே கொடுத்தேன். படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என்றார். முதல் ஞாயிறு அப்பாவும் மகளும் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து, கவரைப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் பதிவேட்டைத் திறந்தார். பெயர், ஊர், ஊழியருக்கு என்ன உறவு. அந்தக் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"இன்னா சொந்தம் சார் எழுதட்டும்?"

நான் யோசித்தேன். என் மகள் முந்திக்கொண்டாள். "எதிரின்னு எழுதுங்க."

"எதிராளி," என்று திருத்தினாள் அந்தப் பெண்.

"எதிராளியா? அம்மா வழியா, அப்பா வழியா?" என்றார் வாட்ச்மேன்.

"அப்பா வழி" என்றேன் நான். அப்படியே எழுதிக்கொண்டார். அவள் ஞாயிறுதோறும் வந்துபோன மூன்று வருடமும் அந்தப் பதிவேட்டில் அதுதான் உறவு.

போட்டி ஆரம்பிக்கும் முன் அவள் எனக்கு உத்தரவு போட்டாள். "சார், நீங்க அங்க நில்லுங்க. அதே எடம். எம் மேலதான் கண்ணு இருக்கணும், உங்க பொண்ணு மேல இல்ல." நின்றேன். அவள் அப்பா துண்டை வீசிப் போட்டியைத் தொடங்கி வைத்தார். என் மகள் கடனே என்று நீந்தவில்லை, முழு மூச்சாக நீந்தினாள். அந்தப் பெண் இரண்டு கையால் என் காலடியில் தொட்டு, திரும்பி, ஒன்றரை ஆள் நீளத்தில் ஜெயித்தாள். தோற்றவள் தண்ணீரிலிருந்தபடியே கையைத் தட்டிக் கத்திய மாதிரி அந்தக் குளத்தில் யாரும் கத்தி நான் கேட்டதில்லை. அன்று என் மகள் தன் நீச்சல் கண்ணாடியை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு, திரும்பத் திரும்ப முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஐந்து நிமிடம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அந்தச் சுவரில்தான். நீச்சலில் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் வேலை பார்ப்பது. நான் கண்ணைத் துடைத்தால்கூட அவள் நடுத்தண்ணீரில் நின்றுவிடுவாள்.

"சார், சிமிட்டுனீங்க."

"மனுஷன் கண்ணு சிமிட்டாதா?"

"நான் திரும்பினப்பறம் சிமிட்டுங்க."

ஒருமுறைகூட அவள் ஒரு கையால் தொட்டதை நான் பார்க்கவில்லை. இந்தத் தடவை 'பார்க்கவில்லை' என்றால் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று பொருள்.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில், தன்னைவிடப் பெரிய பெண்களோடு நீந்தி முதலாவதாக வந்தாள். எனக்கு இப்போது வெள்ளைச் சட்டை இல்லை. பார்வையாளர் பக்கத்தில் அவள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பும் சுவரில் நின்ற நடுவரின் கையையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கீழேயே இருந்தது. அவள் அப்பா என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வலி ஒரு வாரம் இருந்தது.

மாநிலப் போட்டியில் முதல் வருடம் நான்காவது, அடுத்த வருடம் இரண்டாவது. அதற்குப் பிறகு சென்னையில் ஒரு பயிற்சியாளர் அவளைச் சேர்த்துக்கொண்டார். விடியற்காலை ரயிலில் போய்ப் பள்ளிக்கு முன் நீந்திவிட்டு வருவாள். திரும்பி வரும் வண்டியில் பூ விற்கப் போகிறவர்களும் ஆலைக்குப் போகிறவர்களும் அவளுக்கு ஜன்னல் இடம் பிடித்து வைப்பார்களாம், தலைமுடி காய வேண்டும் என்று. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது மாநில சாம்பியன் ஆனாள், நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும். இருநூறில் திருப்பங்கள் அதிகம். அதனால் அது அவளுடைய சொந்தப் போட்டி மாதிரி ஆகிவிட்டது.

கடம்பத்தூர் நிலையத்துக்கு வெளியே பெரிய பேனர் வைத்தார்கள். அதில் மகள் படத்தைவிட அப்பா படம் பெரிதாக இருந்தது. கேட்டால், "கெணறு யாருது?" என்றார். அந்தக் கிணற்றின் எதிரெதிர்ச் சுவர்களில் அவரே நீலச் சாயத்தில் சுவருக்கொரு சதுரம் அடித்து வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார்: "இங்க ரெண்டு கை, அங்க ரெண்டு கை. ஒத்தக் கை இந்தக் கெணத்துலயே கெடையாது."

முதல் தேசியப் போட்டியில் அவள் எட்டாவது. எட்டுப் பேர்தான் நீந்தினார்கள். அன்று தொலைபேசியில் என் மகளிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "சார், கடைசி சார்! எல்லாம் பனைமரம் கணக்கா வளந்துக்கிறாங்க. ஆனா திரும்பறதுல நான்தான் ஃபர்ஸ்ட்டு. அந்த ஊரு நடுவரு வாயப் பொளந்துட்டாரு." சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டு வருடம் கழித்து அதே போட்டியில் வெள்ளி வாங்கினாள். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும் கிடைத்தது.

நான் ஓய்வு பெற்றது அந்த வருடம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூருக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மகளும் வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன் கிணற்றடிக்குப் போனோம். அந்தப் பெண் இரண்டு காலி எண்ணெய்க் கேன்களைக் கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"சட்டையக் கயட்டுங்க சார்."

"எதுக்கு?"

"எத்தினி வருசம் மேல நின்னே பாத்துக்கினு இருப்பீங்க? எறங்குங்க."

எனக்கு அறுபது வயது, நீந்தத் தெரியாது, ஆமை இருக்கிறது என்று மூன்று காரணம் சொன்னேன். "ஆமை செத்து ரெண்டு வருசமாச்சு" என்றார் அவள் அப்பா. கேன்களை என் முதுகில் கட்டினார்கள். படிக்கல் ஒவ்வொன்றாக இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. மூச்சு முட்டியது. கேன்கள் என்னைத் தூக்கிக்கொண்டன. அவள் முன்னால் பின்னோக்கி நீந்தியபடி, "காலத் தவள கணக்கா வுதைங்க, என்னையப் பாருங்க, கீழப் பாக்காதீங்க" என்று கூட்டிப் போனாள். பத்து மீட்டர். எதிர்ச் சுவரில் நீலச் சதுரம் கிட்டத்தில் வந்ததும் பயத்தில் வலது கையை நீட்டி ஒரே பிடியாகப் பிடித்தேன்.

மேலே என் மகள் கையைத் தூக்கினாள். தண்ணீருக்குள் இருந்த அந்தப் பெண்ணும் கையைத் தூக்கினாள். அவள் அப்பா இரண்டு கையையும் தூக்கினார்.

"ஒத்தக் கை! ஒத்தக் கை!"

"சீட்டு எழுதும்மா," என்றார் அவர், "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"பாத்தியாம்மா?" என்று கேட்டேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நல்லாப் பாத்தேன் சார். சிமிட்டவே இல்ல."

"திருப்பி வைங்க ரேஸை" என்றேன்.

புறப்பட்ட சுவருக்கே கூட்டிப் போனாள். அங்கே படிக்கல்லில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தாள். மறுபடியும் கிளம்பினேன். இந்த முறை சுவர் வரும்போது பயம் வராமலில்லை. ஆனாலும் இரண்டு கையையும் ஒன்றாக நீட்டி, இரண்டு உள்ளங்கையையும் அந்தச் சதுரத்தில் அழுத்தினேன். நீலம் எப்போதோ காய்ந்துபோயிருந்தது. அதன்மேல் பாசி படர்ந்திருந்தது. சுவரை விட்டுவிட்டு, கேன்களை நம்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து எல்லோருக்கும் காட்டினேன்.

"பாருங்க, ரெண்டுலயும் பச்சை!"

அவள் கிட்டத்தில் நீந்தி வந்தாள். என் வலது கையைப் பார்த்தாள், பிறகு இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ம். இது செல்லும் சார்" என்றாள்.